பாயச வீட்டுப் பிள்ளை

உங்களில் எத்தனை பேருக்கு இன்னும் மூக்கு ஒழுங்காக வேலை செய்கிறது? எனக்கு ஒரு காது அடைத்துப் பல வருஷமாகிறது. கண்ணில் புரை எடுத்தாயிற்று. பல்லெல்லாம் கட்டின பல். மூக்கு மட்டும் பிறந்தபோது கொண்டுவந்தபடியே இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நம் வயசுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பாயசம் வந்தது. எல்லாரும் சர்க்கரை வியாதியைச் சொல்லிக் கையை மறித்தார்கள். பிறகு ஒரு கரண்டி என்றார்கள். பிறகு இன்னொரு கரண்டி. முந்திரியைத் தின்றுவிட்டு ஏலக்காய்த் தோலைப் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்கினார்கள். நான் மட்டும் முழுசாகக் கிடந்த ஒரு காயை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். கை கழுவும்போதும் துப்பவில்லை. பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா, "வாய்க்குள்ள என்னத்த வச்சிருக்கீக?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பாள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயசு இருக்கும். வெள்ளைக்காரன் காலம். தேனி ஒரு தனி ஜில்லா ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். நாங்கள் இருந்தது பழனிசெட்டிபட்டியில், ஆற்றை ஒட்டின கடைசித் தெருவில். அப்பா மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். எழுதத் தெரிந்த யாரையோ பிடித்து அங்கிருந்து ஒரு கார்டு போட்டிருந்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தெருவில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் வெளியூர் போயிருந்தார். கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா மூன்று நாள் திரிந்தாள். யாரோ ஒருத்தர் கடைசியில் வாசித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது, அப்பாவுக்கு மலைக்காய்ச்சல், கூட்டிப்போக ஆள் வரட்டும் என்று எழுதியிருந்தது. ஆள் போய்த் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வீட்டில் எட்டு நாள் இருந்தார். அவ்வளவுதான்.

அந்த மூன்று நாளை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை. கருமாதி முடிந்த கையோடு என்னை இழுத்துக்கொண்டு போய்த் தேனியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். பொட்டப்பிள்ளைக்கு எதற்கு எழுத்து என்று கேட்க வந்த சொந்தக்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போனார்கள்.

அவளுக்குக் கிடைத்த வேலை, தேனி பஜாரில் ஏலக்காய் மூட்டை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் காய் பொறுக்குவது. எங்கள் பக்கத்தில் ஏலக்காய்க்குக் காய் என்றுதான் பேர். மற்றக் காய்க்கெல்லாம்தான் முன்னால் ஒரு பேர் வேண்டும். மலையிலிருந்து பொதிமாட்டில் மூட்டை வந்து இறங்கும். கொட்டிச் சுளகில் புடைத்து, காம்பு கிள்ளி, பெருசு தனி, சிறுசு தனி, வெடித்தது தனி என்று பிரிக்க வேண்டும். விடிகிறபோதே நானும் அம்மாவோடு போய்ப் பள்ளிக்கூட மணி அடிக்கிற வரை காம்பு கிள்ளுவேன். நகக்கண் எரியும். தலைமயிர், பாவாடை, சிலேட்டுத் துடைக்கிற துணி எல்லாவற்றிலும் காய் வாசம் ஏறிவிடும். ஆற்றில் முங்கிக் குளித்தாலும் போகாது.

கிட்டங்கியை விட்டு வெளியே வர ஒரு முறை உண்டு. பெண்கள் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும், கொண்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை "ஆ" என்பார். நாங்களும் "ஆ" என்போம். மோந்து பார்த்து யாரையும் பிடிக்க முடியாது, ஏனென்றால் அவர் மேலேயே காய் வாசம்தான் அடிக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. வாசல் வந்தால் வாய் திறக்க வேண்டும், மழை வந்தால் உள்ளே போக வேண்டும், அந்த மாதிரி ஒரு விஷயம். முகம் சிவந்தது அம்மாவுக்குத்தான். எனக்கு அது அப்போது தெரியவில்லை.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புது டீச்சர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம், பனைமரத்தைத் தவிர வேறொன்றும் முளைக்காத செம்மணல் ஊர். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். சின்ன வயசு, ஒரு தகரப் பெட்டி, இரண்டு வெள்ளைச் சேலை. "ஏட்டி" என்று அவர் கூப்பிட்டால் எங்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் பேச்சைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும்.

முன்னால் இருந்த வாத்தியார், தாமதமாக வந்தால் வெயிலில் நிற்க வைப்பார். இந்த டீச்சர் வந்த முதல் நாள் நான் மூச்சு வாங்க ஓடி வந்து வாசலில் நின்றபோது, ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. பானையில் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினார். "குடிச்சிட்டு உக்காரு" என்றார். ஓடி வந்த பிள்ளைக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் கணக்கு. அந்த ஒரு தம்ளர் தண்ணீருக்கு நான் அவர் மேல் உயிரை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பாடெல்லாம்.

ஐப்பசி வாக்கில் டீச்சர் ஒன்றைக் கவனித்தார். மத்தியானத்துக்கு மேல் பாதிப் பிள்ளைகள் தூங்கி விழுகின்றன. சிலதுகள் மத்தியான மணிக்கு வீட்டுக்குப் போகிற மாதிரி போய்விட்டு, போன வேகத்தில் திரும்பி வருகின்றன. அவர் போய் நெல் மிஷின்காரரிடம் குருணை கேட்டார். அவரும் கொடுத்தார். எட்டுப் பிள்ளைகளுக்குக் காணும். தினமும் மத்தியானம் கஞ்சி என்று ஆயிற்று. எந்த எட்டு என்று டீச்சர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இது அம்மா காதுக்கும் போயிற்று. கிட்டங்கியில் முழு நாள் உட்காருகிறவர்களுக்கு மத்தியானம் ஒரு கும்பா கம்மங்கூழ் உண்டு. காலையில் மட்டும் வந்து போகிற எனக்குக் கிடையாது. அம்மா தன் கூழில் எனக்கு மிச்சம் வைத்து எடுத்துவரவும் முடியாது, அங்கேயே குடித்துவிட வேண்டும்.

"இந்தா பாரு ஆத்தா," என்றாள் அம்மா. "ஒன்னையப் பட்டினி போட்டுப் படிக்க வைக்க எனக்கு மனசு கேக்கல. டீச்சரம்மா கஞ்சி ஊத்துறாகளாம்ல. அதுல ஓம் பேரு இருந்தாப் படி. இல்லாட்டி, தை பொறக்கவும் எங்கூட அங்கன வந்து உக்காந்திரு. கூழாவது கெடைக்கும்."

சொல்லிவிட்டு அடுப்பை ஊத ஆரம்பித்தாள். கார்டைப் பற்றி அவள் நினைத்தாளா என்று தெரியாது. நான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, என் சிலேட்டைத் திருத்தக் குனிந்த டீச்சர் அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஏட்டி, உம்மேல ஏலக்கா வாசம்லா அடிக்கி. வீட்ல இன்னைக்குப் பாயசமா?"

இந்தத் தேனி பஜாரில் வளர்ந்த எவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். காய் வாசம் வந்தால் கூலிக்காரி என்று எங்களுக்குத் தெரியும். டீச்சர் ஊரில் ஏலக்காய் என்பது, பண்டிகைப் பாயசத்துக்குக் கடையில் காகிதத்தில் பொட்டலம் கட்டி நாலு காய் வாங்குவது. டீச்சரை மறுத்துப் பேச வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் கிடையாது, என்னோடு காம்பு கிள்ளின பிள்ளையும் அங்கே இல்லை. கிட்டங்கிப் பெண்களெல்லாம் தள்ளித் தள்ளி இருந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் எங்கம்மா ஒருத்திதான்.

இல்லை டீச்சர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட குரலில் ஒரு ஆசை இருந்தது. எங்கள் வீட்டைப் பற்றி அதற்கு முன் யாரும் அந்தக் குரலில் பேசியதில்லை. ஐயோ பாவம் என்ற குரல்தான் எனக்குப் பழக்கம்.

"ஆமா டீச்சர்," என்றேன்.

மறுநாளும் மோந்து பார்த்தார். "இன்னைக்குமா?"

"தினமும் டீச்சர்."

வியாழக்கிழமை பட்டியல் வாசித்தார். பேர் வாசிக்க வாசிக்க எழுந்து நிற்க வேண்டும். எட்டுப் பேர் நின்றார்கள், தரையைப் பார்த்துக்கொண்டு. என் பேர் இல்லை. என்னைத் தாண்டிப் போகும்போது டீச்சர் என் தலையில் கை வைத்து, "உனக்கென்னட்டி, நீ பாயச வீட்டுப் பிள்ளை" என்றார்.

நின்ற எட்டுப் பேரில் ஒருத்தியின் அப்பா மறுநாளே வந்து, "எம் பிள்ளை என்ன கஞ்சிக்கு நிக்கிற பிள்ளையா?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். டீச்சர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எட்டாவது கும்பாக் கஞ்சி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் தாண்டிப் போனேன்.

வீட்டில் அம்மா கேட்டாள்.

"பேரு வாசிச்சாகளா?"

"வாசிச்சாக."

"ஓம் பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

ஆக, பள்ளிக்கூடத்தில் எனக்கு வீட்டில் பாயசம். வீட்டில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கஞ்சி. ஒன்பது வயசில் இரண்டு இடத்தில் விருந்து வைத்துக்கொண்டு, மத்தியானம் ஆற்றங்கரையில் போய்க் கையால் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவேன். குப்பையில் கொட்டின காய்த் தொலியைத் தெருவில் பொறுக்கி வைத்துக்கொண்டு, வகுப்புக்கு வரும் முன் ஒன்றை மெல்லுவேன். புளுகுகிறவள் ஒழுங்காகப் புளுக வேண்டுமல்லவா?

பாயசம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பதுதான் பெரிய இடைஞ்சல். டீச்சர் தினமும் கேட்பார், இன்றைக்கு என்ன பாயசம் என்று. பருப்பு என்றேன். அரிசி என்றேன். அவல் என்றேன். அதோடு என் சரக்குத் தீர்ந்துபோயிற்று. ஒருநாள் அவசரத்தில், "புளிப் பாயசம் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

"புளியா?"

"எங்கூர்ல புளி போடுவாக டீச்சர்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு மாரி" என்றார். மதுரைக்கு மேற்கே என்னவும் நடக்கும் என்று நினைத்திருப்பார், பாவம்.

நாள் போகப் போக எனக்குக் கரும்பலகை ஆடித் தெரிய ஆரம்பித்தது. நன்றாகப் போட்ட கணக்கெல்லாம் தப்பாயிற்று. எனக்குக் கொழுப்பு, கவனமில்லை என்று டீச்சர் நினைத்தார். வயிறு நிறைந்த பிள்ளை கணக்கில் கோட்டை விட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? "சாப்பாட்டு மயக்கமோ?" என்று ஒருநாள் கடிந்துகொண்டார். அவர் என்னிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதை நினைத்து அவர் பின்னால் எவ்வளவு வருந்தியிருப்பார் என்று இப்போது நினைத்தால் எனக்குத்தான் பாவமாக இருக்கிறது.

மார்கழி பிறந்து ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் முழு நாள் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்து வரிசையாக வாசலுக்கு வந்தோம். அம்மா கொண்டையை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள். நான் கணக்குப்பிள்ளை முன்னால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினேன். தூக்கின மேனிக்குப் பார்த்தால், அவருக்குப் பின்னால் தெருவில் டீச்சர் நின்றுகொண்டிருக்கிறார். ஊருக்கு அனுப்பக் கிறிஸ்துமஸுக்கு நாலு காய் வாங்க வந்திருக்கிறார்.

எனக்கு வாயை மூடத் தோன்றவில்லை. டீச்சரும் அசையவில்லை. என் நகத்தைப் பார்த்தார், பாவாடையைப் பார்த்தார், உள்ளே குவிந்து கிடந்த காயைப் பார்த்தார். அவர் மூக்கு ஒரு தடவை விரிந்து அடங்கியது.

அம்மா அவிழ்ந்த கூந்தலோடு அப்படியே ஓடிப்போய்க் கும்பிட்டாள். "டீச்சரம்மா, நல்லா இருப்பீக. ஒங்க புண்ணியத்துல எம்பிள்ள மத்தியானம் வவுறு நெறையக் கஞ்சி குடிக்குது. இல்லாட்டி இந்நேரம் இங்கன கொண்டாந்து உக்கார வச்சிருப்பேன்."

போச்சு. இரண்டு வீட்டு விருந்தும் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொண்டது. அம்மாவின் கை என் முதுகில் எப்போது விழும் என்று காத்திருந்தேன். அதைவிட, தை மாதம் நாளைக்கே பிறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார். "நல்லாக் குடிக்கா."

சொல்லிவிட்டுக் காய் வாங்காமலே விறுவிறுவென்று போய்விட்டார். "என்ன நல்ல மனுசி, பாரு" என்று அம்மா கொண்டையை முடிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குக் காய்ச்சல் வராதா என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை. திங்கட்கிழமை மத்தியான மணி அடித்ததும் ஆற்றுப் பக்கம் நழுவப் பார்த்தேன்.

"ஏட்டி, பாயச வீட்டுப் பிள்ளை! இங்க வா."

அடுப்பங்கரையில் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் எப்போதும்போல.

"எனக்கு இந்த ஊர் உப்பு பிடிபடவே மாட்டேங்கு. ஒருநாள் கூடுது, ஒருநாள் குறையுது. நல்ல சாப்பாடு சாப்பிட்ட நாக்குக்குத்தான் உப்பு தெரியும். இதைக் குடிச்சிப் பாத்துச் சொல்லு."

கரண்டியை வாங்கக் கையை நீட்டினேன்.

"ஒரு கரண்டியில என்னட்டி தெரியும்? ஒரு கும்பா குடிச்சாத்தான் தெரியும்."

குடித்தேன். கூட ஒரு உருண்டை கொள்ளுத் துவையல். கஞ்சி நெஞ்சில் இறங்குவது எனக்குத் தெரிந்தது. உப்பு கூடவா குறையவா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே குடித்ததில் என் கும்பாவில் மட்டும் கொஞ்சம் கூட இருந்திருக்கலாம்.

"சரியா இருக்கு டீச்சர்."

"அப்ப நாளைக்கும் வந்து பாரு. நீ சொல்லாம நான் யாருக்கும் ஊத்த மாட்டேன்."

அன்றைக்கே பட்டியலைக் கிழித்து அடுப்பில் போட்டார். அப்புறம் அந்த அடுப்பங்கரையில் கஞ்சிக்கு நிற்கிற பிள்ளை என்று யாரும் இல்லை. ஒருத்தன் விறகு பிளக்கிறவன், ஒருத்தி துவையல் அரைக்கிறவள், நான் உப்புப் பார்க்கிறவள். வேலை செய்தவர்கள் சாப்பிட்டோம். சத்தம் போட்டுக் கூட்டிப்போன அப்பா வீட்டுக்கு டீச்சரே நேரில் போய், கும்பா எண்ணி அடுக்கப் பொறுப்பான பிள்ளை ஒன்று இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லி, அவளைத் திரும்பக் கூட்டிவந்தார். குருணை எட்டுப் பேருக்குத்தான். தண்ணீர் கொஞ்சம் கூட விட்டால் பன்னிரண்டு பேர் வரைக்கும் வந்தது.

டீச்சருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் தினமும், "இன்னைக்கு வீட்ல என்னட்டி பாயசம்?" என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை. நானும் சொல்லாமல் இருந்ததில்லை. வயிறு நிறைந்த பிறகு புளுகுவது எவ்வளவு சுகம்!

தை பிறந்தது. அம்மா பேச்சே எடுக்கவில்லை. நான் எட்டாவது வரை படித்தேன். தெருவில் எந்த வீட்டுக்குக் கார்டு வந்தாலும், தபால்காரர் கையிலிருந்தே வாங்கி அந்த இடத்திலேயே வாசித்துச் சொல்லிவிடுவேன். பக்கத்தில் அம்மா நிற்பாள், யாரும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்று காவல் காக்கிற மாதிரி.

ஆனால் நான் சொல்ல வந்தது தைக்கு முன்னால் நடந்தது. கிறிஸ்துமஸ் லீவுக்குப் பள்ளிக்கூடம் மூடுகிற அன்றைக்கு டீச்சர் பாயசம் வைத்தார். ஊரிலிருந்து வந்த கருப்பட்டி, குருணை, தேங்காய்ப்பால், வேறு கடையில் வாங்கின ஏலக்காய். கறுப்பாக, கெட்டியாக இருந்தது. முதல் கும்பா எனக்கு.

"பாத்துச் சொல்லுட்டி. உங்க வீட்டுப் பாயசம் மாரி இருக்கா?"

என் வாழ்நாளில் நான் குடித்த முதல் பாயசம் அது. காலையெல்லாம் நகத்தில் எரிகிற அதே காய், நாக்கில் பட்டால் இப்படியா இருக்கும்?

"எங்க வீட்டுது இம்புட்டு நல்லா இருக்காது டீச்சர்."

"உங்க ஊர் வழக்கப்படி புளி போட மறந்துட்டேன்," என்றார். நான் சிரித்ததில் புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிட்டார்.

கும்பாவைக் கழுவி வைத்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். டீச்சர் அங்கே நின்று ஒவ்வொரு பிள்ளையாக வழியனுப்பிக்கொண்டிருந்தார். காய் வாசமும் வாசல்படியும் சேர்ந்து வந்துவிட்டது. யோசிக்கவேயில்லை. அவர் முன்னால் போய் நின்று, அண்ணாந்து, வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தன. டீச்சர் சிரிக்கவில்லை. என் மோவாயில் கை வைத்து மெதுவாக மூடிவிட்டார்.

"மூடிக்கோட்டி. இங்க ஒருத்தரும் பாக்க மாட்டாவ."

பிறகு உள்ளே போய்ப் பானையிலிருந்து, ஊறிப் பருத்துப்போன ஒரு முழுக் காயைக் கரண்டியில் எடுத்துவந்து என் வாயில் போட்டார்.

அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பஜார் வழியாக நடந்தேன். கிட்டங்கி வாசலில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "என்ன பாப்பா, பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். வீடு போய்ச் சேருகிற வரை வாயைத் திறக்கவில்லை.